அக்காவும் மச்சானும் எடுத்த தீர்மானம்

இயேசு மரி சூசை

புளியந்தீவு, மட்டக்களப்பு
1938 ஐப்பசி 9

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் புஸ்பம் அக்காவும் வஸ்தியான் மச்சானும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் இருக்கிறோம், கடல் தாண்டிப் பினாங்கில் தோட்டத்துச் சனங்களுக்குப் பூசை வைக்கும் உன்னையும் அதே மாதா பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருக்கிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது, வாவி கலங்கி இறால் நன்றாகப் படுகிறது, நீ இருந்தால் சொதி வைத்துத் தந்திருப்பேன். உன் கடிதம் கிடைத்தது. மச்சானின் தாய் மதலேனாச் சம்மந்தி உனக்கு ஏதோ எழுதிப் போட்டிருக்கிறா, நீயும் அதை நம்பி, அக்கா பெண்சாதியின் கடமையை மறக்கக்கூடாது, மற்றதை ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டும் என்று எழுதி, அதை அவளுக்கு வாசித்துக் காட்டும்படி எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் வாசித்துக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன், இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள், கோபம் வந்தாலும் கேள்.

மாசியில் சின்னவன் பிறந்தபோது நீ காய்ச்சலில் கிடந்தாய் என்று பிள்ளை சுகம் என்பதோடு கடிதத்தை முடித்துவிட்டோம். தாய் சுகமாக இருக்கவில்லை. சிறு வயதில் வந்த வாதக்காய்ச்சல் அவளுடைய இருதயத்தைப் பழுதாக்கிவிட்டதாம். கால் இரண்டும் வீங்கி, உதடு நீலம் பாரித்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியேதான் கண் மூடுவாள். ஆஸ்பத்திரி டாக்குத்தர் எங்களைக் கூப்பிட்டு, இனி ஒரு பிள்ளைப்பேறு வந்தால் இவள் தப்பமாட்டாள், சம்மதம் தந்தால் இனிமேல் பிள்ளை உண்டாகாதபடி சத்திரசிகிச்சை செய்துவிடலாம் என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். புஸ்பம்தான் கட்டிலில் இருந்தபடி, "எனக்கு வருத்தம் நெஞ்சிலதானே ஐயா, நெஞ்சுக்கு மருந்து தாங்க. பிள்ளப்பை நல்லாத்தான் இரிக்கு, ஆண்டவர் நல்லாத் தந்தத வெட்டிப்போட நான் ஒத்துக்கமாட்டன்" என்றாள். அப்படியென்றால் சாகத் தயாரா என்று அவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார். "சாகவும் மாட்டன், எனக்கு மூணு பிள்ளையள் இரிக்கு" என்றாள். மகனே, அந்த மூச்சு முட்டுகிற உடம்புக்குள்ளிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் பேசி ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கத்தியும் வேண்டாம், பிள்ளை தங்காமலிருக்க என்று அயலில் ஒருத்தி கொண்டுவந்து நீட்டிய கஷாயமும் வேண்டாம், இனி அண்ணன் தங்கையாக இருந்துகொள்வது. நாள் பார்த்துச் சேருகிற புதுமுறை ஒன்றும் உண்டு என்று டாக்குத்தர் சொன்னார்தான், ஆனால் கணக்குப் பிசகினால் போவது அவளுடைய உயிரல்லவா. மச்சானுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை, அதனால் தான் வேலை செய்யும் ஹேர்பர்ட்டின் தச்சுப்பட்டறையிலேயே இரவில் படுக்கப் போனார், விடிந்ததும் வந்து பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். நம்முடைய ஊரில் பெண்ணின் வீட்டில் வந்து இருக்கும் மாப்பிள்ளை வெளியே படுத்தால் சனம் சும்மா இருக்குமா? மாமியார் துரத்திவிட்டாள் என்றார்கள், பெண்சாதிக்குப் பைத்தியம் என்றார்கள். சம்மந்தி கோயில் வாசலில் நின்று, "என்ட மகன் வேற கலியாணம் முடிக்க வேதம் விடாது, இரிக்கிறவளும் பொண்டாட்டியா இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. அதோடு விடாமல் பங்குச் சுவாமியையும் வீட்டுக்குக் கூட்டிவந்தா.

சுவாமி உட்காரக்கூட இல்லை. பெண்சாதி தன்னைப் புருஷனுக்கு மறுப்பது பாவம் என்று அர்ச். சின்னப்பர் வேதாகமத்தில் எழுதியிருக்கிறார், தெரியுமா என்று புஸ்பத்தைக் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் மச்சான் முன்னால் வந்தார், பட்டறையிலிருந்து ஓடிவந்தவர், உடுத்திருந்த சாரத்தில் மரச்சீவல் ஒட்டியிருந்தது. நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர். "சுவாமி, அவ மறுக்கல்ல. நான் கேட்டா அவ வருவா, வந்து செத்தும் போவா. அதாலதான் நான் கேக்கல்ல. இது எங்கட ரெண்டு பேர்ர முடிவு" என்றார். சம்மந்தி தலையில் அடித்துக்கொண்டு இது என்ன குடும்பம் என்று அழுதா. எனக்குப் பொறுக்கவில்லை, "உங்கட வீட்டில சூசையப்பருக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிறீங்களே சம்மந்தி, மாதாவத் தொடாம காத்த அவர்ர குடும்பம் என்ன குடும்பம்?" என்று கேட்டேன். சுவாமியின் முன்னால் அப்படிக் கேட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். பிறகு, இருவரும் சம்மதித்த காரியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சம்மதித்திருந்தால் அதில் பாவமில்லை என்று சொல்லி, சின்னவனின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். சம்மந்தி அன்று போனவதான், இன்னும் வாசல் மிதிக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் புஸ்பம் சேலையை உடுத்திக்கொண்டு எழும்பினாள். "இனி என்னத்துக்கு அவர் கள்ளன் மாதிரி வெளியால படுக்கிறது, வாங்கம்மா" என்றாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கியபடி, தெரு முழுவதும் பார்க்கப் பட்டறைக்குப் போனோம். திரும்பி வரும்போது மச்சான் பாயைச் சுருட்டித் தோளில் வைத்தார், அவள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கடையடியில் நின்ற ஒருத்தி, என்ன புஸ்பம், புருசன் திரும்பி வாறாரோ என்று இளித்தாள். "அவர் எங்கயும் போகல்லியே" என்றாள் உன் அக்கா. இப்போது மச்சான் விறாந்தையறையில் பெரிய பிள்ளைகள் இருவரோடும் படுக்கிறார், அவள் உள்ளே சின்னவனோடு. உப்பில்லாத சாப்பாட்டாலும் ஆஸ்பத்திரி மருந்தாலும் கால் வீக்கம் வற்றிவிட்டது, நேற்று முற்றத்தைத் தானே கூட்டினாள்.

இனி உன்னிடம் வருகிறேன். நீ குருப்பட்டம் பெற்று வந்த நாளில் இந்த ஊர் பந்தல் போட்டு, மேளம் அடித்து, மாலை சூட்டியது. எதற்கு? ஆண்டவருக்காகப் பெண்சாதி வேண்டாம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தாய் என்பதற்கு. அக்காவும் மச்சானும் மூன்று பிள்ளைகளுக்குத் தாய் வேண்டும் என்பதற்காக அதையே செய்கிறார்கள், அதே ஊர் சிரிக்கிறது, நீயும் கூடச் சேர்ந்துகொண்டு கடமை என்று எழுதுகிறாய். உன் வார்த்தைப்பாட்டைக் காக்க உனக்கு மடம் இருக்கிறது, மணி இருக்கிறது, கேள்வி கேட்க மேலே மேற்றிராணியார் இருக்கிறார். அவர்களுக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருக்கிறது. மற்றதை ஆண்டவரிடம் விடச் சொன்னாயே, ஆண்டவர் அவர்களுக்குப் புத்தியைக் கொடுத்தார், ஒருவர்மேல் ஒருவருக்குப் பட்சத்தைக் கொடுத்தார், அவர்கள் அதைக்கொண்டு செய்தார்கள், இதற்கு மேலே எதை விடுவது?

மழையில் குடையில்லாமல் தோட்டம் தோட்டமாகத் திரியாதே, காய்ச்சலுக்குக் கொயினா மருந்தை மறக்காமல் குடி. பூசையில் அக்காவையும் மச்சானையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துக்கொள். நீ கைவைக்கும் வேலையெல்லாம் விளங்கவும், உன் உடம்பு சுகப்படவும் மாதாவைக் கேட்டுக்கொண்டு உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன். அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. பிரசங்கம் வேண்டாம். அவள் இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி எழுதுவதாக இருக்கட்டும்.

உன் அம்மா
அ. திரேசம்மா