வரம்பை எங்கே வெட்டுவது

புதன்கிழமை.

மேட்டு நிலத்து மண்ணை மழை அரிக்காமல் வரம்பு கட்டுவதற்கு மாவட்டத்துக்கென்று ஒரு தர நியமம் எழுதுகிறோம். அதிகாரிகளும் விவசாயிகளும் ஒன்றாக இருந்து எழுதுவது. இன்றைய கூட்டத்தில் நான் எழுதிய வரியில்தான் பிரச்சினை வந்தது. "எக்காரணம் கொண்டும் வரம்பை வெட்டக்கூடாது."

கிண்ணியாவில் கச்சான் கடலை பயிர் செய்கிற நசீர் காக்கா கதிரையை விட்டு எழும்பினார்.

"மிஸ், மாரி அடிச்சு ஊத்தினா வரம்புக்கு மேலால தண்ணி பாயும். ஒரு இடத்தில வெட்டி விடாட்டி முழு வரம்பும் போயிடும். நீங்க என்ன எழுதினாலும் நாங்க வெட்டத்தான் போறம். எங்க வெட்டுறது எண்டு எழுதுங்களேன்."

தலைமை தாங்கியவர் சிரித்தார். "உடைக்கிறதுக்கும் நியமமா? அதெல்லாம் எழுத ஏலாது" என்றார். நானும் தலையாட்டினேன். அதுதான் இன்னும் மனதைக் குடைகிறது. இத்தனை வருஷ அதிகாரி வேலையில் மழைக்குள் ஒரு நாளாவது நான் வரம்பில் போய் நின்றதில்லை.

சரி. அந்த வரியை அடித்துவிட்டேன். "தண்ணீரை வெட்டி விடும் இடத்தை வரம்பு கட்டும்போதே தீர்மானித்து, அங்கே கல் அடுக்க வேண்டும்" என்று எழுதினேன். எவ்வளவு அகலம் என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. நசீர் காக்காவுக்கு போன் எடுத்தேன்.

"ஓம் மிஸ், வாங்க. போன மாரியில வெட்டின தடம் அப்படியே கிடக்கு."

நாளைக் காலமை முதலாவது பஸ்ஸில் போகிறேன். அளவு நாடாவைப் பைக்குள் வைத்தாயிற்று. அடுத்த கூட்டத்திலும் தலைமை தாங்குகிறவர் சிரிக்கட்டும். நான் தலையாட்டமாட்டேன்.