பல்வலிக்குப் பூசிய எண்ணெய்

கஹவத்தை,
2025 மார்ச் 3

அன்புள்ள ஜூட் அண்ணா,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நானும் மகள் ஷெரினும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

அல்பிரட் ஐயா இறந்ததிலிருந்து அவருடைய தர்ம சபைக்கு யார் தலைவர் என்று வழக்கு நடக்கிறது. உறுப்பினர்கள் வாக்களிக்கட்டும் என்கிறார் ஐயாவின் மனைவி மரியாயி அம்மா. ஐயா தனக்கே எண்ணெய் பூசிப் பொறுப்பைத் தந்தார் என்கிறார் சபையின் ஹாஸ்டலை நடத்தும் கிருஷாந்த். அதற்கு அத்தாட்சி, ஐயா அவருக்கு எண்ணெய் பூசும்போது நான் போனில் எடுத்த படம். அம்மாவின் லாயர் என் போனை வாங்கி வைத்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

அண்ணா, படம் எடுத்த அன்றைக்குக் கிருஷாந்துக்குப் பல்வலி. "தாங்க முடியல ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்று வந்து முழங்காலிட்டார். நோயாளிக்கு நெற்றியில் எண்ணெய் தொட்டு வைப்பது ஐயாவின் வழக்கம்தானே? இருமலோடு வந்த, பாண் ரொட்டி விற்கும் வண்டிக்காரருக்கும் வைத்தார். அப்படியென்றால் அவரும் தலைவரா?

பதினெட்டாம் திகதி இரத்தினபுரி கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். கிருஷாந்தின் ஆள் நான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கே வந்து, "ஒங்க மக நம்ம ஹாஸ்டல்லதானே இருக்கு தங்கச்சி?" என்று சிரித்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பாதிக் கூடையோடு மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

உங்கள் தங்கை,
மெரினா

கொழும்பு,
மார்ச் 10

அன்புள்ள மெரினா,

நீ பயந்தது சரி. நானும் பயந்துவிட்டேன். நேற்று கிருஷாந்த் நான் வேலை செய்யும் கடைக்கே வந்தார். பிளேன்டீ குடித்தார். ஷெரின் எந்த வகுப்பு, எந்தக் கட்டில் எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். "ஒங்க தங்கச்சிக்கு ஞாபக மறதி வந்தா நல்லதுங்க" என்றார். "பிள்ளைய நானே வந்து கூட்டிட்டுப் போறேங்க" என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கர்த்தர் பேரைச் சொல்லி நாற்காலிக்கு அடித்துக்கொள்வது அவர்கள். மிதிபடுவது நம் தோட்ட லயத்துப் பிள்ளைகள். ஞாபகமில்லை என்று சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்,
ஜூட்

கஹவத்தை,
மார்ச் 18

அண்ணா,

சொல்லிவிட்டேன். பொய் சொல்லத்தான் போனேன். அம்மாவின் லாயர் படத்தைக் காட்டினார். அதில் கிருஷாந்தின் கன்னம் பனிஸ் ரொட்டி மாதிரி வீங்கியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வாய் கேட்கவில்லை. "பல்வலிங்க" என்றேன். கோர்ட்டே சிரித்தது. கிருஷாந்தும் சிரித்தார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பரீட்சை முடியட்டும் என்று ஷெரினை ஹாஸ்டலிலேயே விட்டது என் மடத்தனம். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கேதான் ஓடினேன். கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. "மாமா வந்து கூட்டிட்டுப் போனாராம்" என்றார் காவலுக்கு நிற்கும் வோச்சர். அவர் கண்ணால் காணவில்லை. அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

இங்கே கடைக்காரர் போனில் உங்களுக்கு எடுத்துக்கொண்டேயிருக்கிறேன். ஓஃப் என்கிறது. இதைக் கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பொலிஸில் முறைப்பாடு சொல்லிவிட்டு அந்த வாசலிலேயே இருக்கிறேன்.

சாட்சி சொன்னதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். வந்த மாமா நீங்கள்தான் என்று மட்டும் சொல்லுங்கள்.

மெரினா