முள்ளா, மண்வெட்டியா

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

இவருடைய முழங்கால் காயம் மறுபடி சீழ் வைத்துவிட்டது. இன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"நெடுக உப்புத்தண்ணியாலை கழுவுறன், டொக்டர்," என்றேன்.

"கழுவினாலும் போகாது. இந்தக் கிருமி தசையிலை இருக்கிற புரதத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும். உள்ளுக்கை இரும்பு கிடந்தால், அதிலை படியிற புரதத்திலையும் ஒட்டும். சண்டைக்காலத்து ஷெல் குண்டுத் துண்டு ஏதும் இருக்கோ?"

"இல்லை. முள்ளுக் குத்தினது," என்றார் இவர்.

என்னிடம் மண்வெட்டி பட்டதென்றுதான் சொல்லியிருந்தார். போர் முடிந்து அகதி முகாமில் இருந்தபோதுதான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. அதற்கு முன் எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸில் ஏனென்று கேட்டேன்.

"படம் எடுத்தால் ஆருக்கெல்லாம் காட்டுவினம்?" என்றார் மெதுவாக.

முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். என் சேலைத் தலைப்பை இழுத்து இவருடைய முழங்காலை மூடினேன்.