எல்லாம் இடது கால்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். முகாமில் சிக்னல் கிடையாது. மருந்து லாரி ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போருக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வெறுங்கால். முள்ளும் தகரமும் குத்திய புண்களுக்குக் கட்டுப்போடுவதுதான் இந்த நர்ஸுக்கு முழுநேர வேலை. நேற்று ஒற்றைச் செருப்போடு வந்த ஒரு வாயாடிச் சிறுமிக்கு என் இடது செருப்பைக் கொடுத்துவிட்டேன். இப்போது டாக்டரின் பழைய பூட்ஸில் தொளதொளவென்று நடக்கிறேன்; சிரிக்காதே. மழைக்கு முன் செருப்பு வராவிட்டால் இந்தப் புண்கள் ஆறாது. உன் சலூனுக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பார்.

உன் அக்கா

ஜூன் 19

என் அக்காவுக்கு,

நீ சலூனுக்கு வருகிறவர்களிடம்தான் சொல்லச் சொன்னாய். ஊர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. உன் கடிதத்தை வாசித்து, நானும் உன்னைப் போல இடது செருப்பைக் கழற்றி ஒரு வீடியோ போட்டேன். இப்போது நடிகர், நீதிபதி, கல்யாண ஜோடி என்று எல்லோரும் ஒற்றைச் செருப்போடு படம் போடுகிறார்கள். முடிவெட்ட வருகிறவர்கள் அந்தப் போரைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறார்கள். அம்மா மட்டும், "இன்னொரு செருப்பையும் மாட்டிக்கிட்டு வேலையப் பாருடா" என்கிறாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உன் வைரல் தம்பி

ஜூலை 2

வைரல் தம்பிக்கு,

சந்தோஷம். ஆனால் லாரியில் ஒரு செருப்புகூட வரவில்லை. படத்தை எந்தக் காலில் மாட்டுவது? வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது. "உங்க தம்பி பெரிய ஆளாமே, செருப்பு எங்க?" என்று வாயாடி தினமும் கேட்கிறாள். நீயே வந்து பதில் சொல். கோபமாகத்தான் இருக்கிறேன்.

அக்கா

ஜூலை 12

அக்கா,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. அன்றே, "படம் பிடிச்சது போதும், கழட்டின செருப்ப அனுப்புங்க" என்று இன்னொரு வீடியோ போட்டேன். சலூனுக்குள் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. வாடிக்கையாளர்களுக்கு வாசலில் முடிவெட்டுகிறேன். ஒரு சரக்கு விமானக்காரர் இலவசமாக ஏற்றிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அம்மாவும் சத்தமில்லாமல் ஒரு பொட்டலம் போட்டாள். கோபத்தை விடு.

தம்பி

ஜூலை 24

என் மக்குத் தம்பிக்கு,

பெட்டிகளைப் பிரித்தோம். எல்லாம் இடது கால். கழற்றியதை அனுப்பச் சொன்னாய், அதை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கவலைப்படவில்லை, இரண்டு காலிலும் இடதையே மாட்டிக்கொண்டு சேற்றில் வாத்துக் கூட்டமாக நடக்கிறார்கள். மழை வந்தும் இந்த வாரம் புதிதாக ஒரு புண்கூட இல்லை. கண்ணிவெடியில் வலது காலை இழந்த தச்சர், நிறத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, "உங்க தம்பி எனக்காகவே கேட்டிருக்கான்" என்கிறார்.

வலது செருப்பெல்லாம் அவரவர் வீட்டில் சும்மாதானே கிடக்கும்? உடனே மூன்றாவது வீடியோ போடு. சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

அத்தனை பெட்டிகளிலும் ஒரே ஒரு ஜோடி இருந்தது, நூல் போட்டுக் கட்டி. அம்மா தினமும் கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே செருப்பு. பூட்ஸை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அளவு சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

உன் அக்கா