எந்தக் கண்ணில் ஃபோகஸ்

மார்ச் 3, செவ்வாய்
அக்கா வீடு

படக்காரருக்கு,

அன்புள்ள என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதனால் தொழிலைச் சொல்லியே கூப்பிடுகிறேன். நான் சுகம். அக்காவும் அத்தானும் சுகம். நீங்களும் உங்கள் இரண்டு லென்ஸ்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

போனை எடுக்கமாட்டேன். எடுத்தால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், அக்கா வீட்டுச் சுவர் மெல்லிசு. சொல்ல வேண்டியதை எழுதுங்கள், படிக்கிறேன்.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் ஏன் இங்கே வந்தேன் என்று கேட்டு விடாமல் போன் அடித்திருக்கிறீர்கள். இதோ காரணம். படக்காரர் சங்கத்து இணையப் பக்கத்தில் இரண்டு லென்ஸையும் ஒப்பிட்டு எழுதினீர்களே, அதில் என் கண்ணை மட்டும் வெட்டி எடுத்துத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே யாரோ ஒருவர், "இது செயற்கைக் கண்ணு மாதிரி இருக்கே" என்று எழுதியிருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் பதில் போட்டீர்கள்: "அது என் பொண்டாட்டி கண்ணு. வாயை மூடிட்டு லென்ஸப் பத்திப் பேசு." அடடா, என்ன வீரம்.

என்னோடு ஆஸ்பத்திரி விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவளின் தம்பி உங்கள் சங்கத்தில்தான் இருக்கிறான். உங்கள் மனைவி யார் என்று அவனுக்குத் தெரியும். நேற்றுக் காலை அவள் என் எதிரே வந்து நின்றாள். முதலில் ஒரு கண்ணைப் பார்த்தாள், பிறகு மற்றதைப் பார்த்தாள். "அக்கா, எது?" என்று கேட்டாள்.

ஒன்பது வயதில் போன கண். அந்தக் கவுண்டரில் இடது பக்கம் தூண் மறைக்கிற நாற்காலியைக் கேட்டு வாங்கி, ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்லி, பதினொரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே என்று அக்கா கேலி செய்வாள். மறைத்தேனே. ஒரு ஆளுக்குத் தெரியாது. நீங்கள் ஒரே நாளில் தமுக்கடித்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
அசையாமல் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தவள்


மார்ச் 6, வெள்ளி
ஸ்டூடியோ

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரே ஊருக்குள் தபால் போட்டுச் சண்டை பிடிக்கிற தம்பதி நாமாகத்தான் இருப்போம். தபால்காரர் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

எனக்கும் கோபம் வரும். முகத்தைப் போட்டேனா, பெயரைப் போட்டேனா? ஒரு கண், அவ்வளவுதான். அந்த ஆள் உன் கண்ணைப் பற்றிப் பேசியதும் ரத்தம் கொதித்தது, பதில் எழுதிவிட்டேன். அது தப்பு என்றால் தப்பு என்றே வைத்துக்கொள். ஆனால் உன் கண் விஷயம் எனக்கு நினைப்பிலேயே இல்லை. கல்யாணமான புதிதில் இருந்தது, அப்புறம் எப்போது மறந்தேன் என்றே தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

என் நிலைமையையும் கொஞ்சம் பார். லென்ஸ் கடைக்காரர் இரண்டையும் நம்பிக் கொடுத்திருக்கிறார், வியாழக்கிழமைக்குள் ஒன்றைத் திருப்பியாக வேண்டும். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் கனம். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து, முனகி, ஒரு வழியாகப் பிடிப்பதற்குள் குழந்தை எழுந்து ஓடிவிடும். போட்டிக் கம்பெனி லென்ஸில் சத்தமே இல்லை, கண்ணைக் கவ்வினால் விடாது. நமக்குச் சோறு போடுவது குழந்தைப் படங்கள்தான். ஆனாலும் படத்தின் அழகில் முதலாவதுதான் ஜெயிக்கும் என்று நினைத்து மண்டை காய்ந்து போயிருந்தேன். கடைசியில் உன் கண்தான் தீர்ப்புச் சொன்னது. முதலாவதில் கருவிழி மங்கல். இரண்டாவதில் வெள்ளையில் ஓடுகிற நரம்புகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அப்படியே எழுதினேன். சங்கத்தில் பாதிப் பேர் பாராட்டினார்கள்.

நீ இல்லாமல் ஸ்டூடியோக் கணக்கும் ஓடவில்லை, எனக்கும் ஓடவில்லை. கோபத்தை இங்கே வந்து காட்டு.

உன்,
படக்காரன்


மார்ச் 9, திங்கள்
அக்கா வீடு

கண்ணிருந்தும் காணாத படக்காரருக்கு,

நினைப்பிலேயே இல்லை என்ற வரியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "நல்ல மனுஷன்டி, அதையே மறந்துட்டார் பாரு" என்றாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் சொட்டு மருந்து விடுகிறவள் நான். கழற்றிக் கழுவி மாட்டுகிறவள் நான். படியிறங்கும்போது இடது பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குகிறவள் நான். மறப்பது உங்களுக்குச் சுலபம்.

நேற்று அக்காவின் பெரிய திரையில் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இப்போது சொல்வதை உட்கார்ந்து படியுங்கள். முதல் லென்ஸ் படத்தில் நீங்கள் வெட்டி எடுத்திருப்பது என் வலது கண். இரண்டாவது லென்ஸ் படத்தில் வெட்டி எடுத்திருப்பது இடது கண். இரண்டும் வேறு வேறு கண். சங்கத்தில் பாதிப் பேர் பாராட்டினார்களாமே, மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எப்படி நடந்தது என்பதும் எனக்குத் தெரியும், உட்கார்ந்திருந்தது நான்தானே. முதல் லென்ஸ் அலைகிறது என்று ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டுக் கையால் திருகினீர்கள். கையால் திருகினால் உங்கள் கை தானாக என் வலது கண்ணுக்குத்தான் வரும். இரண்டாவது லென்ஸை மெஷினிடமே விட்டுவிட்டு, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு" என்றீர்கள். திரும்பினேன். இடது கண் முன்னால் வந்தது, மெஷின் அதைக் கவ்விக்கொண்டது. அதற்கு என்ன தெரியும்? வெட்டும்போது எது கூர்மையாக இருந்ததோ அதை வெட்டினீர்கள்.

நரம்பு என்று நீங்கள் மெச்சியது சிவப்புப் பட்டு நூல். கண் செய்தவர் என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினார். கருவிழியும் அவர் தூரிகையால் வரைந்ததுதான். அது துடிக்காது, வெளிச்சத்துக்குச் சுருங்காது, கூர்மையாகத்தான் தெரியும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள், அதை அப்படியே செய்துகாட்டிவிட்டீர்கள். மங்கல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பார்வை தருகிற கண். உங்களைப் பார்க்கிற கண்ணும் அதுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், ஒரு வார்த்தையும் வேண்டாம், சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். கவுண்டரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றிருக்கிறாள். இன்னும் மூடிவைக்க முடியும். நீங்கள் எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 12, வியாழன்
ஸ்டூடியோ

அன்புள்ள வாயாடிக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தால், மூக்கு ஒன்றில் அந்தப் பக்கம், ஒன்றில் இந்தப் பக்கம். முப்பது வருடத் தொழில் என்று மார்தட்டிக்கொண்டவனுக்கு இது தெரியவில்லை. சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவரை இழுத்து வந்து உட்காரவைத்தேன். "எனக்கு எதுக்குய்யா படம், கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு லென்ஸையும் அவருடைய வலது கண்ணிலேயே வைத்து எடுத்துப் பார்த்தேன். கூர்மையில் மயிரிழை வித்தியாசம் இல்லை. முகத்தின் தோல் வருகிற அழகில் முதலாவது எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. நான் எழுதியதை நம்பிச் சிலர் இரண்டாவதை வாங்கியே விட்டார்கள். அந்தப் பாவத்தை எப்படிச் சுமப்பேன்?

நீ சொன்னபடியே உன் படங்களைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். சொல்லாமல் எடுத்தால் கோழைத்தனம் என்று பட்டது, அதனால் அந்த இடத்தில் ஒரு திருத்தம் போட்டிருக்கிறேன். முதல் படத்தில் இருந்தது என் மனைவியின் இயற்கையான வலது கண், இரண்டாவதில் இருந்தது செயற்கையான இடது கண், ஆகவே என் ஒப்பீடு செல்லாது, இதைக் கண்டுபிடித்தவரும் என் மனைவியே என்று உன் பெருமையையும் சேர்த்தே எழுதினேன். எல்லாரும் உன்னைத்தான் புகழ்கிறார்கள். இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதியதில்லை என்று சங்கத் தலைவர் அதை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறார்.

வேகமான லென்ஸை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் நிஜக் கண்ணைப் பிடித்தது மெதுவான லென்ஸ்தான், எனக்கு அது போதும். ஞாயிறு காலை நிறுத்தத்தில் நிற்பேன்.

உன்,
படக்காரன்


மார்ச் 16, திங்கள்
அக்கா வீடு

படக்காரருக்கு,

நேற்று நிறுத்தத்தில் நின்றிருப்பீர்கள். இந்த பஸ்ஸில் இல்லை, அடுத்ததில் வருவாள் என்று வெயில் ஏறும்வரை நின்றிருப்பீர்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்பவில்லை.

ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நீங்கள் லென்ஸுக்கு நியாயம் செய்தீர்கள். அதை வாங்கிய முகம் தெரியாதவர்களுக்கு நியாயம் செய்தீர்கள். நான் கேட்டது மட்டும் உங்கள் காதில் ஏறவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். நீங்கள் குரங்கைப் பிடித்துவைத்து அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருந்தது. மருந்துப் பகுதியிலிருந்துகூட ஆள் வந்து, பேனா கேட்கிற சாக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. நானே எழுந்து நின்று, "இந்தக் கண்ணுதான். ஒன்பது வயசுல போச்சு. பாக்கணும்னா இப்பவே நல்லாப் பாத்துக்குங்க, அப்புறம் அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றேன். பிறகு நாற்காலியைத் தூணை விட்டு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு, நம்மால்தான் அவளுக்குத் தைரியம் வந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதீர்கள். மறைப்பதா சொல்வதா என்பது நான் முடிவு செய்ய வேண்டியது. அதை என்னிடமிருந்து இரண்டு தடவை பிடுங்கினீர்கள். முதல் தடவை தெரியாமல், இரண்டாவது தடவை நான் கெஞ்சிக் கேட்ட பிறகு. முதலாவதை மன்னித்திருப்பேன்.

லென்ஸையும் தப்பாகத் திருப்பியிருக்கிறீர்கள். ஓடுகிற குழந்தைகளுக்கு வேகமானதுதான் சரி. எனக்காக என்று சொல்லி அந்த மெதுவானதைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். கடைக்காரர் நல்லவர், கேட்டால் மாற்றித் தருவார்.

நான் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரமாட்டேன். இங்கே பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன், முன்பணமும் கொடுத்தாயிற்று. என் துணிகள் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. மீதிச் சொட்டு மருந்தும் கண் வைக்கிற சின்னப் பெட்டியும் குளியலறை அலமாரியில் இருக்கின்றன. அத்தான் புதன்கிழமை வருவார், கொடுத்தனுப்புங்கள். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பாவம்.

ஆஸ்பத்திரியில் புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை இந்தத் தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போனேன். கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். உட்கார்ந்ததும், "வலது கண்ணுல வைங்க, இடது நிஜம் இல்ல" என்றேன். உங்களிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை, சொல்லத் தேவையில்லை என்றே இருந்துவிட்டேன். "சரிங்க" என்றாள், அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முடிந்தது. படம் நன்றாக வந்திருக்கிறது, ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த லென்ஸ் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாயாடி