கல் என்று சொல்லப்பட்டது குறித்து

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. உன் உடலும் உன் வேலையும் குறைவின்றி இருக்க வேண்டும் என்பதே முதல் வரியில் நான் வேண்டிக்கொள்வது. அம்மா நலமாக இருக்கிறாள். என்னைப் பற்றியும் அப்படியே எழுதிவிட முடியவில்லை. தொலைபேசியில் சொல்லலாமென்றால் நாம் பேசும் நேரமெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். ஆகவே இந்தக் கடிதம். எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று அவள் உன்னிடம் சொன்னாள் அல்லவா, அது சரியன்று. கல் இல்லை. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, திசுவை எடுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். அதன் வேகத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள், எனக்குப் பத்துக்கு ஒன்பது. வாழ்நாளில் முதல் முறையாகக் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை.

கல் என்ற கதை எப்படிப் பிறந்தது என்பதையும் நீ அறிய வேண்டும். முடிவை வாங்கிக்கொண்டு திரும்பியபோது படிக்கட்டில் கீழ்வீட்டுத் தையல்காரர் எதிர்ப்பட்டு, என்ன சார் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பக்கம் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா, ஒண்ணுமில்லண்ணே, கல்லு, சின்னதுதான் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஊரே எனக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. உன் மாமா தொலைபேசியில், தண்ணியக் குடிங்க மாப்ளே, கல்லு தானா உருண்டு வந்துரும் என்கிறார். நீயும் காலையும் மாலையும் அதையே கேட்கிறாய். மணிக்கொரு முறை எழுந்து ஓடி, அங்கே போய்ச் சொட்டுச் சொட்டாகக் காத்து நிற்கும் மனிதனுக்குத் தண்ணீரே மருந்து என்று எல்லோரும் கூடித் தீர்மானித்துவிட்டீர்கள். தையல்காரர் ஒருபடி மேலே போய், தம் வயிற்றிலிருந்து முன்பு வெளிவந்த கல்லைப் பொத்தான் டப்பாவில் கொண்டுவந்து, இதைப் பாருங்க சார், இதுக்கே நான் பயப்படல என்று காட்டினார். கடுகளவு கல், மலையளவு பெருமை. நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அதை மூடாமல் நெடுநேரம் நின்றாள்.

சிகிச்சை விஷயத்துக்கு வருகிறேன். அறுவை மருத்துவர் இளைஞர், சுறுசுறுப்பானவர், எடுத்துப் போட்டுடலாம் சார் என்றார். எடுத்தால் சிறுநீரை அடக்கும் சக்தி சில காலம் இருக்காது, சிலருக்குத் திரும்பி வருவதேயில்லை. வேறொரு இழப்பையும் சொன்னார், அதை மகளுக்கு எழுதிப் பழக்கமில்லை, நீயே புரிந்துகொள்வாய். கதிர்வீச்சு மருத்துவர் நடுவயது அம்மையார். அவர் கதிர்வீச்சும், கூடவே ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் ஊசியும் என்கிறார். அறுவை செஞ்சாலும் பின்னாடி என்கிட்டதான் வருவீங்க என்றும் சொன்னார். லிஃப்ட்டைப் பழுது பார்த்தவன், முதல் ஓட்டத்தில் ஆய்வாளனான என்னோடு தானும் உள்ளே ஏறி நிற்க வேண்டும் என்பது எங்கள் துறையின் நடைமுறை என்று உனக்குத் தெரியும். ஏறத் தயங்குகிறவனின் வேலையை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. அந்தப் பழக்கத்தில், உங்களுக்கே வந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று இருவரையும் கேட்டேன். இளைஞர், அந்த வயசு வரட்டும் சார், யோசிக்கிறேன் என்றார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நான் பொம்பள சார், எனக்கு அந்தச் சுரப்பியே கிடையாது என்றார். சொன்னது உண்மை, குறை சொல்ல முடியாது. இந்தப் பெட்டிக்குள் என்னோடு ஏறக்கூடியவர் யாருமில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இடுப்பெலும்பில் ஒரு புள்ளி தெரிகிறது. நான் முன்பு லிஃப்ட் குழியில் விழுந்தபோது பட்ட அடியின் தழும்பு என்கிறார் அறுவை மருத்துவர். பரவியிருக்கலாம், பரவியிருந்தால் அறுவையால் பயனில்லை என்கிறார் அம்மையார். மறுபடியும் ஸ்கேன் எடுத்தும் தெளிவாகவில்லை. சந்தேகம் இருந்தால் ஓடவிடக்கூடாது என்பதே என் வாழ்நாள் விதி. கயிற்றில் ஓர் இழை அறுந்திருக்குமோ என்று தோன்றினாலே கதவை மூடி முத்திரை வைத்தவன் நான். எனவே பரவிவிட்டது என்றே கொண்டு, அறுவை வேண்டாம், ஊசியும் கதிர்வீச்சும் என்று முடிவு செய்தேன். இதைச் சொன்னபோது அம்மா என்மேல் பாய்ந்தாள். மனுஷன் என்ன லிஃப்ட்டாங்க, சந்தேகம்னா சீல் வைக்க, நல்லதா இருக்கும்னு ஒரு தடவ சந்தேகப்படக்கூடாதா என்று கேட்டாள். ஆனாலும் நான் முடிவை மாற்றவில்லை. கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று அந்த அம்மையார் சொல்லும் சொல்லை நானே எத்தனையோ கட்டட உரிமையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது எங்கே போய் முடியும் என்பதை அறிவேன். வரும் திங்கட்கிழமை முதல் ஊசி. எலும்பு தேயும், மயக்கம் வரும் என்கிறார்கள். மயக்கம் தரும் மருந்தில் இருப்பவர் லிஃப்ட் கூரைமேல் ஏறக்கூடாது என்ற விதியை எழுதியவனே நான்தான், ஆகவே யாரும் கேட்குமுன், லிஃப்ட் கதவுகளை வெளியிலிருந்து திறக்கும் என் முக்கோணச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். மேலாளர், உங்க சாவி சார், பத்திரமா இருக்கும், வந்து வாங்கிக்குங்க என்று சொல்லிக்கொண்டே, மை தீர்ந்த பேனாக்கள் கிடக்கும் இழுப்பறையில் அதைப் போட்டார்.

இனி நான் எழுதுவதை இரண்டு முறை படி. என் வயதில் இவ்வளவு வேகமாக வந்தால் அது பரம்பரையாகவும் இருக்கலாம் என்று என் இரத்தத்தை வேறொரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன் அத்தை மார்பில் கட்டி வந்து போனதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கோளாறு என்னிடம் இருந்தால் உன்னிடமும் இருக்கலாம். பெண்களுக்கு அது மார்பிலும் கருப்பையின் பக்கத்திலும் காட்டும். அம்மாவின் கதையை நான் கலைக்க இதுவே காரணம். என் உடலைப் பற்றி நீ பொய்யை நம்பியிருந்தால் பரவாயில்லை, உன் உடலைப் பற்றி நம்பக்கூடாது. முடிவு வந்ததும் எழுதுகிறேன். இருக்கிறது என்று வந்தால், வேலை இருக்கிறது, விடுப்பு இல்லை என்று தள்ளிப்போடாமல் அங்கேயே மருத்துவரைப் பார். என்னைப் போல் சந்தேகத்தை முடிவாக எடுத்துக்கொள்ளாதே. பரிசோதித்து, தெரிந்துகொண்டு, பிறகு பயப்படு. உன்னை வா என்று எழுத மனம் வரவில்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு, என் எலும்பும் என் பிடிவாதமும் இல்லாமல், அம்மாவின் மனத்தோடு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். நினைவில் வை: அடுத்த முறை பேசும்போதும், தண்ணி குடிச்சீங்களாப்பா என்று மறக்காமல் கேள், அம்மாவின் காதில் விழும்படி சற்று உரக்கவே கேள். நீ கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அந்த நேரத்துக்கு அவளே நம்பிவிடுகிறாள். உன் குரல் அடங்கும் வரைக்குமாவது இந்த வீட்டில் எனக்குக் கல்தான். குடித்தேன் என்று நானும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா