மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு நானூற்றுப் பத்து பெட்ஷீட் மடித்தேன். எதிரே நிற்கும் குருவி — ஓயாமல் பேசுவதால் நான் வைத்த பேர் — முந்நூற்று எண்பது. வாய் ஓடுகிற வேகத்துக்கு உன் கை ஓடினால் இந்த ஆஸ்பத்திரித் துணி மடிக்க வேறு ஆளே வேண்டாம் என்றேன். வாய்க்கு லீவே கிடையாதுக்கா, அதான் இப்படி ஓடுது என்றாள்.

முட்டி இரண்டும் வீங்கியிருக்கு. இருபத்துமூன்று வருஷமாக நின்றே வேலை. எங்கள் சலவைக் கூடத்தில் மொத்தம் ஒரே ஒரு நாற்காலி. அது சூப்பர்வைசருடையது. பழைய சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகிப் போனதிலிருந்து ஜன்னலோரம் சும்மா கிடக்கிறது. நானும் அதைப் பார்க்கிறேன், அதுவும் என்னைப் பார்க்கிறது.

மார்ச் 6, புதன்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். குருவிதான் சத்தமாகப் படித்தாள். அடுத்த சூப்பர்வைசர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டுமாம். மெஷினில் ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை இந்த ஒரு தடவைக்குத் தளர்த்துகிறார்களாம். பெண்கள் யாரும் மனுப் போடாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பழையபடி எல்லாருக்கும் பொது.

படித்து முடித்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தது என் கொழுந்தனை. என் வீட்டுக்காரரின் தம்பி. டிரையர் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷ சர்வீஸ், தொழிற்பயிற்சி சர்டிபிகேட், சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூடிரைவர். 'இஞ்சினியர்' என்று அவருக்குப் பேர் வைத்ததே நான்தான். அடுத்த சூப்பர்வைசர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பொண்டாட்டிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நோட்டீஸின் ஒரு மூலையில் டேப் கிளம்பியிருந்தது. கொழுந்தன் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 7, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். பெண்களில் மூத்தவள் நான்தானாம், மனுப் போடச் சொன்னார். அஞ்சாம் கிளாஸ் சார் என்றேன். தினமும் ஷிப்ட் ரிப்போர்ட் நாலு வரி எழுதணும், வீட்டில் எழுதிப் பழகுங்க என்றார். டைரி எழுதுகிற பழக்கம் இருக்கு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்டு வாங்கிப் படிப்பார். பாதி அவரைப் பற்றித்தான்.

மார்ச் 9, சனி

ஒரே வீடு. கொழுந்தன் குடும்பம் மாடி, நாங்கள் கீழே, சமையல் ஒன்று. இன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் ஓரகத்தி மெதுவாக ஆரம்பித்தாள். அக்கா மட்டும் பேசாமல் இருந்துவிட்டால் ஆறே மாதத்தில் அவருக்கு வந்துவிடும் என்று. கேட்டது தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டேன்.

கொழுந்தன் தட்டைப் பார்த்தபடியே பேசினார். "எனக்கு என்ன குறை, அண்ணி? நீங்களே சொல்லுங்க."

குறை ஒன்றும் இல்லை தம்பி என்றேன். உண்மைதானே.

"அப்போ உங்களுக்குத் தளர்த்தற விதி எனக்கு மட்டும் ஏன் இறுக்குது? ஆம்பளையாப் பொறந்தது என் தப்பா?"

அது உங்க அம்மா தப்பு, அவங்ககிட்டதான் கேக்கணும் என்றேன். வழக்கமாக இதற்கெல்லாம் சோறு புரையேறச் சிரிக்கிற மனுஷன். இன்றைக்கு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சொல்ல வேண்டியது எனக்கு அப்புறம்தான் வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது. கூடத்தின் நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அந்தப் பக்கம் மெஷின், ஆம்பளைங்க. இந்தப் பக்கம் மடிப்பு மேஜை, நாங்கள். பாதுகாப்புக்காகப் போட்டது என்பார்கள். பெண்கள் தாண்டக் கூடாது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இருபத்துமூன்று வருஷத்தில் ஒருத்தியும் தாண்டினதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, பொம்பளைங்க மேஜைக்குப் போங்க என்றார்கள், போனோம். பிறகு மெஷினில் ஐந்து வருஷம் வேண்டும் என்றால் நாங்கள் எங்கே போவது? விதி எல்லாருக்கும் ஒன்றுதான். கதவு ஒரு பக்கம்தான்.

சரி, அந்தக் கோட்டை அவரா போட்டார்? அவரும் இல்லை. அவரும் போங்க என்ற பக்கம் போனவர்தான்.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்றார். அவர் உன் இஷ்டம் என்றால் என் கஷ்டம் என்று அர்த்தம்.

மார்ச் 15, வெள்ளி

மனுப் போட்டுவிட்டேன். கடைசி நாள்.

பெண்கள் ஜெயிச்சாச்சு என்று குருவி மேஜையைத் தட்டினாள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு உக்காரணும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

நாற்காலிக்காக ஒரு மனுஷனோட பத்தொன்பது வருஷத்தைத் தாண்டிப் போறேனா? இல்ல, என்னோட இருபத்துமூணு எண்ணிக்கையிலேயே வராதா? யார்கிட்ட கேட்பது? எழுதிக் கை வலிக்குது.

ஏப்ரல் 1, திங்கள்

முட்டாள்கள் தினம் பார்த்துப் பதவி கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. இதற்காகவா இத்தனை.

மூன்று மாதம் பார்ப்பார்களாம், சரியில்லை என்றால் திரும்ப மேஜைக்கு.

மத்தியானம் மெஷின் பக்கம் சிரிப்புச் சத்தம். எனக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். 'கோட்டா'. ஒதுக்கீட்டில் வந்தவளாம். வைத்தது ராக்கெட் — நடக்கிற அழகைப் பார்த்து நான் பேர் வைத்த அதே ராக்கெட், கழிவறைக்குப் போனால் ஷிப்ட் முடிந்து வருகிறவர். எத்தனையோ வருஷமாக எல்லாருக்கும் பேர் வைத்தேன், எனக்கு யாரும் வைத்ததில்லை. போயும் போயும் இதுவா? நானாக இருந்தால் இன்னும் நல்லதாக வைத்திருப்பேன் என்று அவரிடமே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொழுந்தன் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதலா, அது ஒன்றுதான் வலியா, தெரியவில்லை.

ஏப்ரல் 3, புதன்

மாடியில் புது அடுப்பு வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

ஒரு மணிக்குக் கொழுந்தனின் சாப்பாட்டு நேரம் முடியும். அவர் வரவில்லை. ராக்கெட் வெளியே வண்டியிலிருந்து அழுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி மூன்று நிமிஷத்துக்கு மூன்றாம் நம்பர் டிரையரில் மணி அடித்தது. சூடு ஏறினால் அடிக்கும் மணி. உள்ளே ஆபரேஷன் தியேட்டர் துணி.

டிரையரில் பெரிய சிவப்பு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் நின்றுவிடும். குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் எழுந்து வேகமாகப் போனேன். போய் — மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நின்னுட்டேன். கால் அதுவா நின்னுடுச்சு. "யாராவது வாங்களேன்"னு கத்தறேன். சூப்பர்வைசரே நான்தான். யாரைக் கூப்பிடறேன்? எனக்குப் பின்னால் குருவியும் மற்ற பெண்களும் அதே மாதிரி வரிசையாக நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. பட்டன் நாலு அடி தூரம்.

ஒன்று ஏழுக்குக் கொழுந்தன் ஓடிவந்து அழுத்தினார். கதவைத் திறந்தால் புகை. துணி முழுக்கப் பழுப்பு. துணி இல்லாமல் இரண்டு ஆபரேஷன் இரண்டு மணி நேரம் தள்ளிப் போனதாம். வயிறு காலியாகப் படுத்துக் காத்திருந்தவர்கள் யாரோ.

ஒருத்தரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கோட்டா என்றுகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

எப்படி நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார் மேலாளர். காலையிலிருந்து எல்லார் கண்ணும் என் பேனாமேல். ஓரகத்தி வாசலில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் பயம் எனக்குப் புரியாதா? கொழுந்தன் ஏழு நிமிஷம் தாமதம். அது ஒன்றை எழுதினால் போதும், நான் தப்பித்துவிடுவேன். எழுதாமல் விட்டால் வீடு தப்பித்துவிடும்.

மூன்று தாள் கிழித்தேன். கடைசியில் கொடுத்தது இதுதான். நகல் வைத்துக்கொள்கிறேன்:

"மெஷின்காரர் ஏழு நிமிஷம் தாமதமாக வந்தார். மணி அடித்தபோது நான் அங்கே இருந்தேன். பட்டன் எது என்று எனக்குத் தெரியும். அழுத்தவில்லை. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். பெண்கள் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டிப் பழகவில்லை. அவர் ஏழு நிமிஷம் தாமதம். நான் நாலு அடி தாமதம்."

மேலாளர் படித்தார். "உங்க மேல நீங்களே எதுக்கும்மா எழுதிக்கறீங்க?"

நாலு வரி எழுதச் சொன்னீங்க சார், கொஞ்சம் கூடிப்போச்சு என்றேன்.

ஏப்ரல் 13, சனி

கொழுந்தனுக்கு மெமோ. எனக்கு மூன்று மாதம் ஆறு மாதமாகிவிட்டது.

சாயங்காலம் மாடிப்படியில் எதிரே வந்தார். இரண்டு பேரும் ஒதுங்கி ஒதுங்கி இடித்துக்கொண்டோம். "நீங்க எழுதினதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல, அண்ணி. அதான் எரிச்சலா இருக்கு" என்றார். இன்னும் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "பட்டன் தெரியாதவங்களை அங்க உக்கார வெச்சது அவங்க தப்பு. நீங்க போய் உக்காந்தது உங்க தப்பு. ரெண்டும் எழுதியிருக்கலாம்."

பட்டன் எனக்குத் தெரியும், தம்பி. அதுதான் வெட்கம். ஆனால் அவர் அதற்குள் மேலே போய்விட்டார்.

ஏப்ரல் 22, திங்கள்

இனி இப்படி நடக்காமல் என்ன செய்யப் போறீங்க என்று போன வாரம் ஒரு பாரம் வந்தது. எழுதினேன்: மடிப்புப் பெண்கள் தினம் இரண்டு பேர், இரண்டு மணி நேரம் மெஷினில். அந்த நேரம் மெஷின்காரர்கள் இரண்டு பேர் மடிப்பு மேஜையில். பாரத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் மேலாளர் ஒத்துக்கொண்டார்.

இன்றைக்கு ராக்கெட் பெட்ஷீட் மடித்த அழகை எழுதினால் டைரி போதாது. மூலையைத் தேடித் தேடித் தானே உள்ளே போய்விட்டார். நாள் முழுக்கச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டுப் பார்த்தால் முந்நூறு துணி பாக்கி. நின்று மடித்தேன்.

சொல்லித் தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லித் தரவும் இல்லை. கொழுந்தன் வேலையைச் செய்கிறார், குருவி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அவள் பேசாமல் நிற்பதை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

மே 14, செவ்வாய்

களைப்பு. இரண்டு பக்கமும் திட்டு. மெஷின் பக்கம் சூடா இருக்கு, எதுக்குக்கா இந்த வம்பு என்று பெண்கள். கோட்டா வந்து எங்களைத் துணி மடிக்க விட்டுடுச்சு என்று ஆண்கள். இதற்கு மேஜையிலேயே இருந்திருக்கலாம், பெட்ஷீட் எதிர்த்துப் பேசாது.

சில நாள் அவருக்கே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. என்னைவிட நன்றாகச் செய்திருப்பார், சத்தியமாக. ஆனால் குருவியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டிருப்பாரா? விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. கெட்ட மனுஷன் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் பெயிண்ட்.

ஜூன் 17, திங்கள்

மூன்றாம் நம்பரில் மணி அடித்தது. நான் தலை நிமிர்வதற்குள் நின்றுவிட்டது. குருவி. கோடு கீடு எதையும் பார்க்கவில்லை, வாய்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷிப்ட் முடிந்து மெஷின் சீட்டைச் சேர்த்துக் கட்டும்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றாம் நம்பர், இரண்டாவது சுற்று. ஓட்டியவர் என்ற இடத்தில் குருவியின் கோணல் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற இடத்தில் கொழுந்தனுடையது. போன வாரச் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருக்கு. அதற்கு முந்தின வாரமும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடி அடுப்பு இன்னும் மாடியில்தான் எரிகிறது.

இன்னும் ஐந்து வருஷம் போனால் குருவிக்கு யாரும் எந்த விதியையும் தளர்த்த வேண்டியிருக்காது. அவளும் இஞ்சினியரும் ஒரே வரிசையில் நின்று மனுப் போடுவார்கள். அன்றைக்கு யாருக்குக் கொடுத்தாலும் எனக்குத் தூக்கம் வரும்.

ஆஸ்பத்திரியின் இன்னொரு சலவைக் கூடத்தில் சூப்பர்வைசர் இடம் வருஷக் கடைசியில் காலியாகிறதாம், எல்லாருக்கும் பொது. இன்றைக்குக் கிளம்பும்போது கொழுந்தன் வந்து மனுப் பாரம் ஒன்று கேட்டார். "ரெண்டா குடுங்க அண்ணி, ஒண்ணு எழுதிக் கெடுத்துடுவேன்." மூன்று கொடுத்தேன்.

முட்டி வலிக்குது. காலையிலிருந்து உட்காரவே இல்லை. நாற்காலிமேல் யாரோ துணி மூட்டையை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.